முதலில் கூரை, பிறகுதான் உரம்

அண்டார்க்டிகாவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, சரளையும் பாறையும் தவிர வேறெதுவும் இல்லாத தரையில், செத்த சீல்கள் கிடக்கின்றன. காற்று வீசும் பக்கம் தோல் தேய்ந்து எலும்பு தெரியும். தரையை ஒட்டிய பக்கத்தில் முடிகூட உதிராமல் இருக்கும். புழு இல்லை, ஈ இல்லை. அந்த உடலின் அடியில் இருக்கும் மண்ணில் லேசான ஈரம் உண்டு. ஓரடி தள்ளினால் பொடிந்து உதிரும் உலர்ந்த மணல்தான். துருவ நிலத்தில் செத்த விலங்கு மண்ணுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்த ஓரடி இடைவெளியில்தான் விடை தேட வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை எளிது: உடல் அழுகுகிறது, சத்து மண்ணில் இறங்குகிறது, நுண்ணுயிர் பெருகுகிறது. மிதவெப்ப நாடுகளில் இது சரி. துருவத்தில் இது பாதி உண்மை. அங்கே சடலம் மண்ணுக்கு முதலில் கூரையாகிறது. உரமாவது அதற்குப் பிறகு, சில இடங்களில் மிக மெதுவாக. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்காத ஆய்வு எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் தவறான முடிவுக்குத்தான் போகும்.

பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் 1903 டிசம்பரில் இந்த உலர் பள்ளத்தாக்குகளில் ஒன்றான டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கியபோது உயிருள்ள எதையும் பார்க்கவில்லை. ஒரு வெடல் சீலின் எலும்புக்கூடுதான் கண்ணில் பட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பிற்பாடு கண்டெடுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை நண்டுண்ணி சீல்கள், அதிலும் இளம் வயதுடையவை. திசை தப்பி உள்நாட்டுக்கு ஊர்ந்து வந்து, இரையின்றிச் செத்திருக்கின்றன. அங்கே ஆண்டு முழுவதும் விழும் பனியை நீராகக் கணக்கிட்டால் 100 மில்லிமீட்டர்கூட வராது. மலையிலிருந்து இறங்கும் வறண்ட கனத்த காற்று உடலின் நீரை உறிஞ்சிவிடுகிறது. கண்டத்தின் உட்பகுதியில் பிணந்தின்னி ஈக்கள் கிடையாது. அண்டார்க்டிகாவுக்கே உரிய பூச்சி என்று சொல்லத்தக்க பெல்ஜிகா அண்டார்க்டிகா என்ற, கொசுவைப் போன்ற இறக்கையில்லாத சிறு பூச்சியும் தீபகற்பப் பகுதியில்தான் வாழ்கிறது. ஆகவே உடல் அழுகுவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது.

இந்த உடல்களின் வயதைக் கணிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. வயதைக் கணிப்பது கார்பன்-14 எவ்வளவு மிச்சம் என்பதை வைத்துத்தான்; அது குறையக் குறைய வயது கூடுதலாகத் தெரியும். தென் பெருங்கடலில் ஆழத்திலிருந்து மேலெழும் நீரில் கார்பன்-14 குறைவு. அந்த நீரில் வளர்ந்த கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்ற சீலின் உடலிலும் அது குறைவாகவே இருக்கும். அதனால் நேற்றுச் செத்த சீல்கூடக் கார்பன் கணிப்பில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகத் தெரியும். பழைய கட்டுரைகளில் திருத்தப்படாத எண்கள் உண்டு. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு “இத்தனை ஆயிரம் ஆண்டாக இந்த மண்ணுக்குச் சத்து கிடைத்து வந்திருக்கிறது” என்று எழுதினால் கணக்கு அடியோடு சாய்ந்துவிடும்.

கூரை என்று சொன்னதற்கு ஆதாரம் அதே பகுதியின் மையர்ஸ் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு சோதனை. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் கேரியின் குழு 2012-இல் வெளியிட்டது. சுமார் 250 ஆண்டு பழைய ஒரு சீலைக் கிடந்த இடத்திலிருந்து எடுத்து, இதுவரை எதுவும் கிடக்காத தரையில் வைத்தார்கள். அடுத்தடுத்த கோடைகளில் அடிமண்ணைச் சோதித்தார்கள். மூன்றே ஆண்டுகளுக்குள் புது இடத்தின் பாக்டீரியாக் கூட்டம் மாறி, சீல் பழைய இடத்தில் கிடந்தபோது அதன் அடியில் இருந்த கூட்டத்தை ஒத்துவிட்டது. வகைகள் குறைந்தன, சில வகைகள் மட்டும் ஓங்கின. மண் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு கூடியது.

துருவ மண்ணில் மாற்றம் நூற்றாண்டுக் கணக்கில்தான் நடக்கும் என்றுதான் அதுவரை பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். காய்ந்து சுருங்கிய 250 ஆண்டுத் தோலிலிருந்து மூன்று ஆண்டில் எவ்வளவு சத்து இறங்கிவிட முடியும்? மிகக் கொஞ்சம். இறங்கியது நிழல், ஈரம், நிலையான வெப்பம். கோடையில் காற்று பூச்சியத்தை ஒட்டி இருக்கும்போதே வெயில் படும் தரை 15 டிகிரிவரை ஏறும். மேகம் மறைத்தால் சடாரென்று உறைநிலைக்குக் கீழே போகும். ஒரே நாளில் பலமுறை உறைந்து உருகும் இந்த ஆட்டம்தான் அங்கே செல்களை உடைப்பது. சீலின் அடியில் ஆட்டம் அடங்குகிறது, ஈரம் தங்குகிறது, புற ஊதாக்கதிர் தடைபடுகிறது. ஏற்கெனவே மண்ணில் ஒடுங்கிக் கிடந்த பாக்டீரியாக்களில் எவற்றுக்கு அந்தச் சூழல் ஒத்துப்போகிறதோ அவை எழுந்துவிடுகின்றன.

சத்தின் பங்கு தனியாகத் தெரிய வேண்டுமானால் நூற்புழுக்களை, அதாவது மண்ணில் வாழும் நூல் போன்ற நுண்புழுக்களை, பார்க்க வேண்டும். உலர் பள்ளத்தாக்கு மண்ணில் கரிமக் கார்பன் பெரும்பாலும் 0.1 சதவீதத்துக்கும் கீழே. அந்த வறுமையில் பரவலாக வாழ்வது ஸ்காட்னீமா லிண்ட்சேயே என்ற நூற்புழு இனம். ஈரம் போனால் சுருண்டு, உடல் நீரை இழந்து, இயக்கமே இல்லாமல் காத்திருக்கும். 10 டிகிரியில் வளர்த்தால்கூட அதன் வாழ்க்கைச் சுற்று முடிய 218 நாள் ஆகிறது. ஆண்டுக்குச் சில வாரங்களே மண் உருகியிருக்கும் இடத்தில் ஒரு தலைமுறைக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்று பொருள். பாக்டீரியா மூன்று ஆண்டில் மாறியதென்பதால் நூற்புழுவும் அதே வேகத்தில் மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பென்குயின் குடியிருப்புகள் உள்ள கடலோரத்தில், எச்சமும் செத்த குஞ்சுகளும் ஊறிய மண்ணில், ஸ்காட்னீமா தென்படுவதில்லை. அங்கே இருப்பது பனாக்ரோலைமஸ் டேவிடி என்ற வேறொரு நூற்புழு இனம். செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவானாலும் பிழைத்துக்கொள்ளும் மிக அரிய உயிரிகளில் ஒன்று அது. பாக்டீரியா மலிந்த, நைட்ரஜன் மிகுந்த, ஈரமான மண் அதற்கு உகந்தது. ஆக, கடலோரத்தில் கிடக்கும் புதுச் சடலம் சத்தால் மண்ணை மாற்றுகிறது. உள்நாட்டில் கிடக்கும் காய்ந்த சடலம் மறைப்பால் மாற்றுகிறது. இரண்டையும் “அண்டார்க்டிகச் சடல மண்” என்று ஒரே பெயரில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மோனியா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புரதம் சிதையும்போது அம்மோனியம் குவியும். காரத்தன்மை கூடும்போது அதில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகி உயிர்களைக் கொல்லும். இந்தப் பங்கு பிஎச்சை (அமிலத்தன்மை, காரத்தன்மையின் அளவை) மட்டும் சார்ந்ததன்று. அம்மோனியமும் அம்மோனியாவும் சரிபாதியாக இருக்கும் பிஎச், 25 டிகிரியில் சுமார் 9.25, பூச்சிய டிகிரியில் 10-ஐத் தாண்டிவிடும். அதாவது ஒரே பிஎச்சில் குளிர்ந்த மண்ணில் நச்சு வாயு குறைவு, அம்மோனியமாகவே தங்குவது அதிகம். அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களும் குளிரில் மந்தம். வெப்ப நாடுகளில் சில மாதங்களில் கடந்துபோகும் அம்மோனியக் கட்டம் இங்கே நீண்டுகொண்டே போவதற்கு இதுதான் காரணம். வெப்பநிலையைக் குறிக்காமல் பிஎச்சை மட்டும் தருவது அரைத் தகவல்தான்.

ஆர்க்டிக்கில் கதை வேறு. அங்கே ஈக்கள் உண்டு. புரோட்டோஃபார்மியா டெர்ரேநோவே என்ற கருநீல ஈ உயர் ஆர்க்டிக் வரை போகிறது. நரி, ஓநாய், அண்டங்காக்கை, கரடி எல்லாம் உண்டு. பெரிய சடலமானாலும் சதை ஓரிடத்தில் தங்குவதில்லை. தங்குவது குடல் உள்ளடக்கம், முடி, எலும்பு, மண்ணில் ஊறிய திரவம்.

ஊறிய அளவே எவ்வளவு பெரிது என்று தோராயமாகப் பார்க்கலாம். 100 கிலோ எடையுள்ள உடலில் 2.5 முதல் 3 கிலோ நைட்ரஜன் இருக்கும். அது இரண்டு சதுர மீட்டரில் இறங்கினால் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிராமுக்கு மேல். துந்திரா எனப்படும் மரமற்ற துருவ நிலத்துக்கு இயற்கையாக ஆண்டுதோறும் சேரும் நைட்ரஜன் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. முக்கால் பங்கை விலங்குகள் தூக்கிப் போனாலும், ஒரு பகுதி ஆவியானாலும், மிச்சம் பல நூற்றாண்டுக்கான வரவு.

அந்த வரவு கீழே இறங்க முடியாது. அரை மீட்டர் ஆழத்திலோ அதற்கு முன்போ நிரந்தர உறைநிலம் தட்டும். ஆகவே திரவம் பக்கவாட்டில், சரிவின் திசையில், கோடையில் உருகும் மேலடுக்கு வழியாக நகர்கிறது. சடலத்தைச் சுற்றி வட்டமாகப் பச்சை தெரியும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மேட்டுப் பக்கம் ஒரு மீட்டருக்குள் முடிந்து, பள்ளத்துப் பக்கம் நாக்கு நீட்டிக்கொண்டு போகும். உடலுக்கு நேர் அடியில் முதல் ஓரிரு ஆண்டில் எல்லாம் கருகிச் சாகும். பாசி மெத்தை செத்தால் மண்ணுக்கு இருந்த வெப்பக் காப்பு போய்விடும். அந்த இடம் மட்டும் ஆழமாக உருகிப் பள்ளம் விழுந்து நீர் கட்டலாம். பிறகுதான் ஓரத்திலிருந்து புல் உள்ளே வரும்.

கனடாவின் உயர் ஆர்க்டிக்கில் கஸ்தூரி எருதுச் சடலங்களைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வு, செத்து 5 முதல் 10 ஆண்டு ஆன பிறகும் அருகிலுள்ள செடிகளின் திசுவில் நைட்ரஜன் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. எலும்பின் பாஸ்பரஸ் இதைவிட மெதுவாக வெளியேறும். கனடா ஆர்க்டிக்கின் சோமர்செட் தீவில் இன்யூட் மக்களின் முன்னோரான தூலே மக்கள் ஏறத்தாழ 1200 முதல் 1600 வரை திமிங்கில எலும்பால் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்கள் போய் நானூறு ஆண்டு ஆன பிறகும் அந்த வீடுகளை ஒட்டிய குளத்தில் சத்து மிகுதி இருக்கிறது என்று மரியான் டக்ளஸும் ஜான் ஸ்மோலும் அவர்கள் குழுவினரும் 2004-இல் எழுதினார்கள்.

கண்ணால் பார்த்தே சடல இடத்தை அடையாளம் காட்டும் செடி ஒன்று உண்டு: அப்லோடான் வோர்ம்ஸ்க்யோல்டியை என்ற பாசி. ஆர்க்டிக்கில் சடலம், எலும்பு, சாணம் இவற்றின் மேல் வளர்வது. ஸ்பிளாக்னேசியே என்ற இதன் குடும்பத்தில் பல இனங்கள் அழுகல் வாசனையால் ஈக்களை இழுத்து, ஒட்டும் விதைத்தூள்களை அவற்றின் காலில் ஏற்றி, அடுத்த சடலத்துக்கே அனுப்பிவிடுகின்றன. ஈ இல்லாத உலர் பள்ளத்தாக்குகளில் இப்படி ஒரு வாழ்க்கை சாத்தியமே இல்லை.

நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா உயர்நிலம் துருவ வட்டத்துக்குத் தெற்கே இருந்தாலும் இங்கே சேர்க்க வேண்டியது. 2016 ஆகஸ்ட் 26 அன்று அங்கே மின்னல் தாக்கி 323 துருவ மான்கள் ஒரே இடத்தில் செத்தன. நோய்ச் சோதனைக்காகத் தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடல்களை விட்டுவிட்டார்கள். பிணந்தின்ன வந்த நரிகளும் காக்கைகளும் தங்கள் எச்சத்தில் குரோபெர்ரி என்ற குறுஞ்செடியின் விதைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. அந்தச் செடியின் விதை முளைக்க வெறுமண் தேவை. மூடிய துந்திராவில் அது கிடைப்பது அரிது. சடலம் கருக்கிய இடம் அதற்கு வாய்த்தது.

இனிக் களத்துக்கு வருவோம். சடல இடத்தில் மண் எடுக்கும் முன் அரை மணி நேரம் எதையும் தொடாமல் படமும் வரைபடமும் எடுக்க வேண்டும்: சரிவு எந்தப் பக்கம், பிரதான காற்று எங்கிருந்து, முடியும் எலும்பும் எங்கே சிதறியுள்ளன. காற்று கொண்டுபோன ஒரு கொத்து முடி ஐந்து மீட்டர் தள்ளி ஒரு கல்லின் கீழ் சிக்கியிருந்தால், “சத்தில்லாத ஒப்பீட்டு இடம்” என்று நாம் நினைத்தது ஒப்பீட்டு இடமே அன்று. ஒப்பீட்டு மண்ணை மேட்டுப் பக்கம், காற்றுக்கு எதிர்த் திசையில், குறைந்தது 10 மீட்டர் தள்ளி எடுப்பது நல்லது.

எடுக்கும் புள்ளிகள்: சடலத்தின் விளிம்பு, பிறகு 25 செ.மீ., 50 செ.மீ., 1 மீ., 2 மீ., 5 மீ. நான்கு திசையிலும் எடுத்தாலும் பள்ளத்துப் பக்கம் மட்டும் இன்னும் நெருக்கமாக, இன்னும் தூரம்வரை போக வேண்டும். ஆழம் 0–2, 2–5, 5–10 செ.மீ. எனப் பிரிக்கலாம். மேலே பாவிய கற்களை எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் அதே முகம் மேலே இருக்கத் திருப்பி வைக்க வேண்டும். வரிசை முக்கியம்: ஒப்பீட்டு இடம் முதலில், சடலம் கடைசியில். மாற்றி எடுத்தால் கையுறையிலும் கரண்டியிலும் ஒட்டிய ஒரு துளி கொழுப்பு மொத்த ஒப்பீட்டையும் கெடுக்கும். 70 சதவீத எத்தனாலில் துடைத்தால் கிருமி சாகும், டிஎன்ஏ போகாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக உறையிட்ட கரண்டி இருந்தால் கவலையில்லை.

புள்ளிக்குச் சுமார் 300 கிராம் போதும். அதை அங்கேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் தேவை நேரெதிர். டிஎன்ஏவுக்கான பை உடனே உறைய வேண்டும். நூற்புழுவுக்கான பை மெதுவாகக் குளிர வேண்டும்: 1 டிகிரியில் இரண்டு நாள், மைனஸ் 4-இல் இரண்டு நாள், அதன் பிறகே மைனஸ் 20. எடுக்கும்போது அதே படிகள் தலைகீழாக. சட்டென்று உறையவிட்டு, சட்டென்று அறை வெப்பத்தில் உருக்கினால் புழுக்கள் அதில் சாகும். பிறகு “சடலத்தின் அருகே இறப்பு விகிதம் அதிகம்” என்று எண்ணிக்கை சொல்லும், கொன்றது உறைபெட்டியாக இருக்கும்.

புழுவைப் பிரிக்கச் சர்க்கரைக் கரைசல் முறை நம்பகமானது. 100 கிராம் மண்ணைக் குளிர்ந்த நீரில் கலக்கி, கல் தங்கும் பெரிய சல்லடை வழியாக 38 மைக்ரான் சல்லடையில் ஊற்றி, தங்கியதைச் சோதனைக் குழாயில் சேர்த்து 5 நிமிடம் மையவிலக்கில் சுழற்ற வேண்டும். மேல்நீரைக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டருக்கு 454 கிராம் சர்க்கரை கொண்ட கரைசலில் கலக்கி ஒரு நிமிடம் சுழற்றினால் மண் கீழே, புழுக்கள் மேலே. உடனே 26 மைக்ரான் சல்லடையில் ஊற்றி நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். இந்த “உடனே”யில்தான் பலருக்குத் தவறுகிறது. கரைசலில் சில நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலே புழுவின் உடல் நீர் வெளியேறிச் சுருங்கும்; உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்து எண்ண முடியாது. கொழுப்பு ஊறிய மண்ணில் எண்ணெய்ப் பிசுக்கு சல்லடைக் கண்ணை அடைக்கும். சோப்புப் போடக் கூடாது. சிறு சிறு பங்காகப் பிரித்து, குளிர்ந்த நீரில் பலமுறை அலசுவதுதான் வழி.

அம்மோனியமும் நைட்ரேட்டும் அளக்க 10 கிராம் ஈரமண்ணை 50 மில்லிலிட்டர் 2 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிக்கலாம். மண்ணை முன்கூட்டி அடுப்பில் உலர்த்தினால் அம்மோனியா பறந்துவிடும். ஈரத்தைத் தனி மாதிரியில் அளந்து கணக்கில் திருத்துங்கள். வடிதாளிலேயே அம்மோனியம் இருக்கும். அதே கரைசலால் தாளை முன்பே கழுவாவிட்டால் ஒப்பீட்டு மண்ணின் மிகச் சிறிய அளவு தாளின் அளவில் மூழ்கிவிடும். எல்லா எண்களையும் 2 மில்லிமீட்டருக்குக் கீழான உலர்மண் எடைக்கு மாற்ற வேண்டும். பாதி எடை சரளையாக இருக்கும் மண்ணில் இதைச் செய்யாமல் விட்டால் ஒப்பீடே இல்லை.

டிஎன்ஏவில் இரண்டு சிக்கல். குளிரும் வறட்சியும் செத்த செல்லின் டிஎன்ஏவையும் நெடுநாள் காக்கும். ஆகவே டிஎன்ஏ வரிசையைப் படிக்கும்போது தெரிவதெல்லாம் உயிரோடு இருப்பதாகாது. ஆர்என்ஏவையும் எடுக்க வேண்டும், அல்லது உடைந்த செல்லின் டிஎன்ஏவை முடக்கும் சாயத்தை முதலில் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, ஒப்பீட்டு மண்ணில் உயிர்ப்பொருள் மிகக் குறைவு. டிஎன்ஏ பிரித்தெடுக்க விற்கும், கால் கிராம் மண்ணுக்கான வழக்கமான வேதிப்பொருள் பெட்டியில் வருவது பெட்டியின் சொந்த மாசாகவே இருக்கக்கூடும். 5 முதல் 10 கிராம் எடுங்கள். மண் போடாத வெற்றுக் குழாய் ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும் கடைசிவரை ஓட்டுங்கள்.

மண் மூச்சை, அதாவது மண் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை, அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உலர் பள்ளத்தாக்குகளில் மண் குளிரும்போது காரமான மண்நீர் கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்கும், சூடேறும்போது வெளிவிடும். இதில் உயிருக்குப் பங்கே இல்லை. நண்பகலில் ஒருமுறை அளந்து “உயிர்ச் செயல்பாடு கூடியிருக்கிறது” என்று எழுதுவது செல்லாது. 24 மணி நேரச் சுற்று முழுவதும் வேண்டும். கூடவே ஒரு செ.மீ. ஆழத்தில் வெப்பப் பதிவுக் கருவிகள், உடலின் அடியில் ஒன்று, வெளியே ஒன்று.

கூரையையும் உரத்தையும் பிரிக்க மூன்று விதமான இடங்கள் தேவை: சடலம் உள்ள இடம், ஒன்றும் இல்லாத இடம், சடலத்தின் அளவில் சத்தில்லாத மூடி மட்டும் வைத்த இடம். நான்காவதாக, மூடியில்லாமல் அதே அளவு நைட்ரஜனும் உப்பும் மட்டும் தெளித்த இடமும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் உலர் பள்ளத்தாக்குகளில் மண்ணில் எதையாவது சேர்க்கவும் சீலை அசைக்கவும் அனுமதி தேவை. மாட்ரிட்டில் 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் நெறிமுறையின் கீழ் அந்தப் பள்ளத்தாக்குகள் 2004 முதல் தனி மேலாண்மைப் பகுதி. அனுமதி கிடைக்காவிட்டாலும் வழி உண்டு: சடலம் அளவுள்ள தட்டைக் கல் இயற்கையாகவே பக்கத்தில் கிடக்கும். அதன் ஓரமும் சடலத்தின் ஓரமும் ஒரே மாதிரி இருந்தால், வேலை செய்தது கூரை.

ஆர்க்டிக்கில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2016 கோடையில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் வெப்பம் 35 டிகிரியை நெருங்கியது. ஆந்த்ராக்ஸ் என்ற பாக்டீரியா நோய் வெடித்து 2,000-க்கும் மேற்பட்ட துருவ மான்கள் செத்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அங்கே அதற்கு முன் அந்த நோய் தாக்கியது 1941-இல். மான்களுக்குத் தடுப்பூசி போடுவது 2007-இல் நிறுத்தப்பட்டிருந்தது. உறைநிலத்தில் கிடந்த பழைய சடலமும் மண்ணும் உருகியதே தொடக்கம் என்று கருதப்படுகிறது.

இதிலும் தோலின் மூடல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆந்த்ராக்ஸ் கிருமி உயிரணுவாக இருக்கும்போது மெலிந்தது. மூடிய உடலுக்குள் ஆக்சிஜன் இல்லாமல், அழுகல் பாக்டீரியாக்களோடு போட்டியிட முடியாமல் மடிந்துவிடும். ஆக்சிஜன் பட்டால்தான் தன்னைச் சுற்றி விதைபோல் கடினமான உறை கட்டிக்கொள்கிறது. கட்டிக்கொண்டால் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்த மான் சடலத்தை எந்த ஆய்வுக்காகவும் திறக்கவோ புரட்டவோ கூடாது, அடியிலிருந்து மண் எடுக்கவும் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக விலகி, அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, மாதிரிப் பட்டியலிலிருந்து அந்தச் சடலத்தை நீக்கிவிடுங்கள்.